திருவிடவெந்தைப் பதிகம்: ஒரு கடற்கரைக் காதல் பாட்டின் நீண்ட வாழ்வு

திருவிடவெந்தைப் பதிகம் என்பது திருமங்கையாழ்வார் இயற்றிய பெரிய திருமொழியில் இரண்டாம் பத்தின் ஏழாம் திருமொழியாகும். பத்துப் பாசுரங்கள் கொண்ட இப்பதிகம், காதலால் வாடும் ஒரு பெண்ணின் தாய் அந்தக் காதலுக்குக் காரணமான தலைவனிடம் நேராகப் பேசுவதாக அமைந்தது. தலைவன், வங்கக் கடற்கரையில் உள்ள திருவிடவெந்தைத் திருமால். கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இப்பாட்டு, ஏறத்தாழ 1200 ஆண்டுகளாக ஓதப்பட்டு வருகிறது. நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் பரவலான பதிப்புகளில் 1108 முதல் 1117 வரையுள்ள எண்களில் இப்பாசுரங்கள் இடம்பெறும்.

பெரும்பாலான காதல் பாட்டுகள் அவை பிறந்த தலைமுறையோடு மங்கிவிடுகின்றன. சில மட்டும் பல தலைமுறைகளைக் கடக்கின்றன. இப்பதிகம் எவ்வாறு கடந்தது, கடந்து வந்த வழியில் காதல் பாட்டாகவே நிலைத்ததா, அல்லது வெறும் வழிபாட்டு நூலாகிவிட்டதா என்பவை தமிழ் இலக்கிய வரலாற்றில் கவனிக்கத்தக்க கேள்விகள்.

இடம்

திருவிடவெந்தை இன்று திருவிடந்தை என வழங்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் திருப்போரூர் வட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ளது. சென்னையிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. கோயிலிலிருந்து கடல் நடை தூரத்தில் உள்ளது. 2019 நவம்பர் வரை இவ்வூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது.

கோயிலின் மூலவர் ஆதிவராகப் பெருமாள். பிராட்டியை இடப்பக்கத்தில் தாங்கிய கோலம் இது. உற்சவர் நித்திய கல்யாணப் பெருமாள். தாயார் கோமளவல்லி. இடப்பக்கத்தில் திருவைக் கொண்ட எந்தை எழுந்தருளிய இடம் என்பதால் இடவெந்தை என்று பெயர் வந்ததாகத் தலமரபு கூறும். மாமல்லபுரத்தில் உள்ள ஆதிவராகர் குடைவரைக்குத் திருவலவெந்தை என்ற பெயர் உண்டு. அங்கே பிராட்டி வலப்பக்கத்தில் இருப்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். ஒரே கடற்கரையில் இடமும் வலமுமாக அமைந்த இந்த இரு பெயர்களும், பல்லவர் காலத்தில் இப்பகுதியில் வராக வழிபாடு பெற்றிருந்த செல்வாக்கைக் காட்டுகின்றன. திருவிடந்தைக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களுள் இதுவும் ஒன்று.

ஆசிரியரும் காலமும்

திருமங்கையாழ்வார் சீர்காழிக்கு அருகிலுள்ள திருக்குறையலூரில் பிறந்தவர். கலியன், பரகாலன் முதலிய பெயர்கள் இவருக்கு உண்டு. படைத்தலைவராகவும் சிற்றரசராகவும் இருந்தவர். குமுதவல்லி என்னும் பெண்ணின் மீது கொண்ட காதலே இவரை அடியார்களுக்கு அமுதளிக்கும் பணியில் ஈடுபடுத்தியது என்றும், அதற்குப் பொருள் தேட வழிப்பறியிலும் இறங்கினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. பெரிய திருமொழி, திருக்குறுந்தாண்டகம், திருநெடுந்தாண்டகம், திருவெழுகூற்றிருக்கை, சிறிய திருமடல், பெரிய திருமடல் ஆகிய ஆறும் இவருடைய நூல்கள்.

இவரது காலத்தைக் கணிக்கப் பெரிய திருமொழியின் இரண்டாம் பத்தே துணை செய்கிறது. காஞ்சிப் பரமேச்சுர விண்ணகரத்தைப் பாடும் ஒன்பதாம் திருமொழியில் பல்லவ மன்னன் ஒருவனின் போர் வெற்றிகள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. அவனை இரண்டாம் நந்திவர்மன் என வரலாற்றாசிரியர் கொள்வர். எட்டாம் திருமொழியில் வரும் வயிரமேகன் என்னும் பெயரை இராட்டிரகூட மன்னன் தந்திதுர்க்கனோடு இணைத்துக் காண்போர் பலர். இவ்விரு குறிப்புகளும் 8ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சுட்டுகின்றன.

இரண்டாம் பத்து ஒரு பயணத்தின் வரைபடம் போல அமைந்துள்ளது. திருவேங்கடத்தில் தொடங்கி, திருவள்ளூரான திருவெவ்வுள், திருவல்லிக்கேணி, திருநீர்மலை, கடல்மல்லை, திருவிடவெந்தை, காஞ்சியின் அட்டபுயகரம், பரமேச்சுர விண்ணகரம் என்று தொண்டை நாட்டின் ஊடே சென்று திருக்கோவலூரில் முடிகிறது. கடல்மல்லை என்பது இன்றைய மாமல்லபுரம். அதற்கு மட்டும் இரண்டு திருமொழிகள். பொற்குவியலும் யானைகளும் மணிகளும் சுமந்து, பாரத்தால் தாழ்ந்து அசையும் கப்பல்கள் நிறைந்த துறைமுகமாக அவ்வூரை ஆழ்வார் காட்டுகிறார். பல்லவர் துறைமுகத்தின் செழிப்புக்கு இலக்கியத்தில் கிடைக்கும் முக்கியமான சான்றுகளுள் அது ஒன்று.

அந்த ஆரவாரமான துறைமுகத்தைப் பாடி முடித்த அடுத்த திருமொழியிலேயே குரல் மாறிவிடுகிறது. கப்பல்களும் செல்வமும் காணாமல் போகின்றன. ஒரு வீட்டுக்குள் தூக்கமில்லாமல் இருக்கும் ஒரு பெண்ணும், அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயும் மட்டுமே எஞ்சுகின்றனர்.

பதிகத்தின் உள்ளடக்கம்

முதல் ஒன்பது பாசுரங்களும் ஒரே அமைப்பு உடையவை. ஒவ்வொன்றிலும் தாய் தன் மகளின் நிலையைச் சொல்கிறாள். முடிவில், இவளைப் பற்றி உன் மனத்தில் என்ன நினைத்திருக்கிறாய் என்று இடவெந்தைத் தலைவனைக் கேட்கிறாள். சொல் சற்றே மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒன்பது முறையும் விடை வருவதில்லை.

முதற்பாசுரத்தில் தாய் சொல்வது ஒரு சிக்கலை. பாற்கடலில் அமுதோடு பிறந்த திருமகள் தலைவனின் மார்பில் இருக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஆசையை விடவில்லை. அறியாமையால் வந்த காதல் அன்று இது. எல்லாம் அறிந்தபின்னும் விலகாத காதல்.

இரண்டாம் பாசுரம் மகளின் அன்றாடத்தைக் காட்டுகிறது. தோழியர் வந்தால் அவள் முகம் மலர்வதில்லை. சந்தனம் பூசுவதில்லை, கண்ணுக்கு மை எழுதுவதில்லை, கூந்தலில் பூச் சூடுவதில்லை. மூன்றாம் பாசுரத்தில் துன்பம் உடலுக்குள் இறங்குகிறது. பூசிய சந்தனமும் அணிந்த நகையும் நெருப்பாகச் சுடுகின்றன. நிலவின் கதிர் எரிக்கிறது. கடல் புலம்பினால் அவளும் சேர்ந்து புலம்புகிறாள். மாந்தளிர் நிறம் பொன்னாக வெளுக்கிறது. வளையல்கள் கையில் நிற்பதில்லை.

நான்காம் பாசுரம் இரவின் பாட்டு. ஒரு நாழிகை ஓர் ஊழியைவிடப் பெரிதாக இருக்கிறது என்கிறாள் மகள். கதிரவன் உறங்கிப்போய்விட்டான் போலும் என்கிறாள். கடல் அரற்றுகிறது, அன்றிற் பறவையும் உறங்கவில்லை, தென்றல் தீயைவிடக் கொடிதாக வீசுகிறது. நான் என்ன செய்வேன், சொல்லுங்கள் என்று தோழியைப் பார்த்துக் கேட்கிறாள்.

ஐந்தாம் பாசுரத்தில் தலைவன் பெயரைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் வருவதில்லை. அவள் இன்னும் சிறுபிள்ளை என்று தாய் இரங்குகிறாள். ஆறாம் பாசுரத்தில் தாயின் உண்மையான அச்சம் வெளிப்படுகிறது. தன் குடிக்கு எது தகும் என்று மகள் எண்ணுவதே இல்லை. இலங்கையை வென்ற கதையைக் கேட்டால் மட்டும் மகிழ்கிறாள், பிறகு மயங்குகிறாள். ஏழாம் பாசுரத்தில் மாலிருஞ்சோலை மாயனே என்று உறக்கத்தில் போல வாய்பிதற்றுகிறாள்.

எட்டாம் பாசுரத்தில் ஒரு சிறு இடம் உண்டு. ஆயனின் குழலோசையில் தன் உள்ளம் அழிவதாகச் சொல்லும் மகள், திருப்புட்குழியைப் பாடுகிறாள். உடனே, நீர்மலைக்குப் போகலாமா என்று கேட்கிறாள். புட்குழி காஞ்சிக்கு அருகில் உள்ளது. நீர்மலை பல்லாவரத்துக்கு அருகில், இன்றும் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது. வானுலகையோ தொலைதூரத்தையோ அவள் கேட்கவில்லை. பக்கத்து ஊரைக் கேட்கிறாள். காதலில் உள்ள ஒரு பெண் வீட்டில் கேட்கக்கூடிய இயல்பான கேள்வி அது.

ஒன்பதாம் பாசுரத்தில், இவளுக்கு வந்த நோய் இன்னதென்று தெரியவில்லை என்று தாய் கைவிரிக்கிறாள். பத்தாம் பாசுரம் நூலின் முத்திரைப் பாட்டு. கலியன் என்று ஆழ்வார் தம் பெயரைச் சொல்லி, இவற்றைப் பாடுவோரின் பழவினை நீங்கும் என்று பயன் கூறி முடிக்கிறார். மகளுக்கு என்ன ஆயிற்று என்று அதிலும் சொல்லப்படவில்லை.

அகமரபும் புதுமையும்

இப்பதிகத்தின் பொருள்களில் பெரும்பாலானவை ஆழ்வாருக்கு முன்பே தமிழில் இருந்தவை. கடலும் அன்றிலும் இரங்கலும் நெய்தல் திணைக்கு உரியவை. பசலையும் கழலும் வளையும் சங்க அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருபவை. மகளுக்காக வருந்தும் தாயின் குரலும் பழையதே. ஆழ்வார் மூன்று இடங்களில் மரபை மாற்றினார்.

முதலாவது, பெயர். அகப்பாடலில் தலைவன் பெயரைச் சுட்டிக் கூறுவதில்லை என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. அதனால் சங்கக் காதல் பாட்டின் தலைவன் யாராகவும் இருக்கலாம். இங்கே தலைவனுக்குப் பெயரும் உண்டு, ஊரும் உண்டு, அவ்வூருக்குப் போகும் வழியும் உண்டு. பாட்டு ஓர் இடத்தில் ஊன்றப்படுகிறது.

இரண்டாவது, நேரம். சங்க அகப்பாடல்களில் தாயின் கூற்று பெரும்பாலும் மகள் தலைவனோடு உடன்போக்கில் சென்ற பிறகு எழுவது. வெறும் வீட்டையும் மகள் விளையாடிய இடத்தையும் பார்த்துத் தாய் புலம்புவாள். இடவெந்தைப் பதிகத்தில் மகள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். எதுவும் நடந்து முடியவில்லை. இழப்பின் துயரத்தை விட, என்ன ஆகுமோ என்ற பதைப்பே இப்பாட்டின் உணர்வு.

மூன்றாவது, கேட்பவர். தாய் தனக்குத் தானே புலம்பவில்லை, வழிப்போக்கரிடமும் கேட்கவில்லை. மகளின் மனத்தைக் கவர்ந்தவனிடமே நேரில் கேட்கிறாள். அதில் வேண்டுதலும் உண்டு, குற்றச்சாட்டும் உண்டு. என் மகளை இந்த நிலையில் வைத்துவிட்டு நீ பேசாமல் இருக்கிறாயே என்பது அதன் உட்பொருள்.

பெண்குரலில் பாடும்போது திருமங்கையாழ்வாரைப் பரகால நாயகி என்று வைணவர் அழைப்பர். அடுத்த திருமொழியான அட்டபுயகரத்தில் குரல் மகளுடையதாகிவிடுகிறது. வியத்தகு உருவம் ஒன்றைக் கண்ட பெண், இவர் யாரோ என்று கேட்பதாக அது அமைந்தது. தாயின் கேள்வியும் மகளின் கேள்வியும் அடுத்தடுத்து நிற்கின்றன. நம்மாழ்வாரின் திருவாய்மொழி ஏழாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழியும் இவ்வாறே தாய் அரங்கனைக் கேட்கும் பாட்டு என்பது ஒப்பிடத்தக்கது.

பாட்டு நிலைத்த வழி

ஆழ்வார்களின் பாடல்கள் தொடர்ந்து வழக்கில் இருந்ததாக வைணவ மரபே சொல்வதில்லை. இடையில் அவை மறைந்துபோயின என்றும், காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள் அவற்றை மீட்டுத் தொகுத்தார் என்றும் அம்மரபு கூறும். நாதமுனிகளின் காலம் 10ஆம் நூற்றாண்டை ஒட்டியது. தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் ஆகிய இருவருக்கும் இப்பாடல்களை இசையோடு பயிற்றுவித்தார் என்பர். மீட்பு பற்றிய கதையில் தொன்மக் கூறுகள் இருந்தாலும், பாடல்கள் ஒரு கட்டத்தில் அழியும் நிலையில் இருந்தன என்ற நினைவை அது காத்து வைத்திருக்கிறது.

தொகுப்பு நூலாக்கப்பட்டபின் பாட்டுக்கு நாட்காட்டியில் ஓர் இடம் கிடைத்தது. மார்கழி மாதத்தில் நடைபெறும் அத்யயன உற்சவத்தில், வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பகல் பத்து நாட்களில் பெரிய திருமொழி ஓதப்படுகிறது. ஏகாதசி முதல் இராப் பத்தில் திருவாய்மொழி ஓதப்படுகிறது. திருவாய்மொழிக்கு இவ்விழாவைத் திருவரங்கத்தில் தொடங்கி வைத்தவர் திருமங்கையாழ்வாரே என்பது கோயில் மரபு. இதனால் பெரிய திருமொழி முழுவதையும் ஓதும் கோயில்களில் எல்லாம் இடவெந்தைத் தாயின் கேள்வி ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒலிக்கிறது. திருவரங்கம், திருவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி, மேல்கோட்டை ஆகிய இடங்களில் அரையர் சேவை என்னும் கலைவடிவமும் இப்பாசுரங்களின் இசையையும் அபிநயத்தையும் காத்து வந்துள்ளது.

எழுத்தைவிட மனப்பாடமே இந்த வழக்கத்தின் அடிப்படை. ஓதுவோர் குழுவாகச் சேர்ந்து சொல்லும்போது ஒருவர் மறந்த சொல்லை மற்றவர் எடுத்துக்கொடுக்கிறார். ஒரே கேள்வி ஒன்பது முறை திரும்பி வருவது மனப்பாடத்துக்கு எளிது. காதலின் தவிப்பை உணர்த்த அமைத்த மீள்வரவே, பாட்டை நினைவில் நிறுத்தும் ஆணியாகவும் பயன்பட்டது.

காதல் பாட்டா, மறைநூலா?

நிலைபெற்றதற்கு ஒரு விலையும் உண்டு. பாட்டு மறைக்கு நிகராக உயர்த்தப்பட்டபோது, அதில் உள்ள காதலை எவ்வாறு புரிந்துகொள்வது என்ற கேள்வி எழுந்தது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரியவாச்சான் பிள்ளை நாலாயிரத்துக்கும் மணிப்பிரவாள நடையில் வியாக்கியானம் செய்தவர். அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரின் ஆசார்ய ஹ்ருதயம், ஆழ்வார்கள் பெண்குரலில் பாடும்போது எடுக்கும் தோழி, தாய், மகள் ஆகிய மூன்று நிலைகளையும் உயிரின் மூன்று அறிவுநிலைகளாக விளக்கியது. இதன்படி மகளின் நிலை இறைவனை உடனே அடைய வேண்டும் என்ற துடிப்பு. தாயின் நிலை அவனே வந்து அருள்வான் என்ற உறுதி. அவசரப்படுபவளும் பொறுத்திருப்பவளும் ஒரே உயிரின் இரு பக்கங்கள்.

இவ்விளக்கம் பாட்டின் காதலை அழித்துவிட்டதா? அழிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். தத்துவப் பொருள் சொல்லும் உரையாசிரியர்களும் முதலில் தாயின் நெஞ்சைத்தான் விளக்கினர். மகள் ஏன் மை எழுதவில்லை, கடல் ஒலித்தால் ஏன் அழுகிறாள் என்பவற்றை விளக்காமல் அடுத்த படிக்குச் செல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியார் எழுதிய திவ்யார்த்த தீபிகை போன்ற உரைகள், மணிப்பிரவாளம் அறியாத தமிழ் வாசகருக்கும் இப்பொருளை எளிய நடையில் கொண்டு சேர்த்தன. ஆக, சமயம் இப்பாட்டைக் காத்தது. பாட்டின் காதலும் தன் பங்குக்குச் சமய உரையை மனித வாழ்வுக்கு அருகில் நிறுத்தியது.

கோயில் சொன்ன விடை

பதிகம் விடையில்லாமல் விட்ட கேள்விக்குத் தலபுராணம் ஒரு விடை வைத்திருக்கிறது. காலவ முனிவருக்கு 360 பெண்கள். அவர்களுக்கு மணம் முடிக்க வேண்டி அவர் திருமாலை வழிபட்டார். திருமால் பிரமசாரி இளைஞனாக வந்து நாளுக்கு ஒரு பெண்ணாக 360 நாட்களில் அனைவரையும் மணந்தார். இறுதி நாளில் அனைவரையும் ஒருத்தியாக்கி அகிலவல்லி என்னும் பெயரில் தம் இடப்பக்கத்தில் ஏற்றார். நாள்தோறும் திருமணம் நடந்ததால் நித்திய கல்யாணப் பெருமாள் என்ற பெயர் வந்தது என்பர்.

திருமங்கையாழ்வாரின் பதிகத்தில் இந்த 360 பெண்களைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அங்கே ஒரே மகள், ஒரே தாய். கதையில் முனிவரான தந்தை. ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று நிரப்புகின்றன. பாட்டில் ஒரு பெற்றோர், என் மகளைப் பற்றி என்ன நினைத்திருக்கிறாய் என்று கேட்கிறார். கதையில் ஒரு பெற்றோருக்கு நாள்தோறும் விடை கிடைக்கிறது.

இக்கதையை ஒட்டிய வழிபாடு இன்றும் நடைபெறுகிறது. திருமணம் தடைப்படுவோர் மாலையோடு வந்து அர்ச்சனை செய்கின்றனர். பெருமாளுக்குச் சாத்திய மாலையைப் பெற்றுக் கழுத்தில் அணிந்து கோயிலை ஒன்பது முறை வலம் வருகின்றனர். அந்த மாலையை வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, மணமான பின் துணைவரோடு திரும்பி வந்து செலுத்துகின்றனர். காய்ந்த மாலையோடு வரும் புதுமணத் தம்பதியரும், புதிய மாலையோடு நிற்கும் மணமாகாதோரும் ஒரே திருச்சுற்றில் நடப்பது இக்கோயிலின் அன்றாடக் காட்சி.

மணமாகாதோருடன் பெற்றோரும் வருவது வழக்கம். பதிகத்தைப் படித்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் நிற்கும் இடம் பதிகத்தின் தாய் நின்ற அதே இடம். குடிக்குத் தக்கது எது என்று எண்ணாத மகளைப் பற்றிய கவலை, வெளியில் சொல்ல முடியாத தாமதம், யாரிடம் கேட்பது என்று தெரியாத நிலை ஆகிய மூன்றும் 8ஆம் நூற்றாண்டுக்கு மட்டும் உரியவை அல்ல.

பிற்காலக் காதல் பாட்டுகளோடு ஒப்பீடு

இசைத்தட்டின் காலத்தில் பிறந்த மென்மையான காதல் பாட்டுகளிலும் இப்பதிகத்தின் சில இயல்புகளைக் காணலாம். மேலைநாடுகளில் 1970களில் சாஃப்ட் ராக் என்னும் மெல்லிய ராக் இசை பெரும் செல்வாக்குப் பெற்றது. எல்டன் ஜான் 1970இல் வெளியிட்ட 'யுவர் சாங்' அவ்வகையின் நன்கு அறியப்பட்ட தொடக்ககாலப் பாட்டுகளுள் ஒன்று. தமிழில் அதற்கு அருகில் வைக்கத்தக்கது, பாலு மகேந்திரா இயக்கிய மூடுபனி (1980) படத்தில் இடம்பெற்ற 'என் இனிய பொன் நிலாவே'. இளையராஜா இசையில் கங்கை அமரன் எழுதி கே. ஜே. யேசுதாஸ் பாடிய அப்பாட்டு, கிதார் இசையை முதன்மையாகக் கொண்டது.

இவ்வகைப் பாட்டுகளின் பொது இயல்புகள் சில. ஒரே குரல், மெதுவான நடை, எதிரில் உள்ள ஒருவரை நோக்கிய நேர்ப்பேச்சு, திரும்பி வரும் ஒரு வரி, அன்றாடச் சொற்கள். காதல் நிறைவேறியதா என்று பாட்டு சொல்வதில்லை. கேட்பவர் தம் கதையை அதில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. இடவெந்தைப் பதிகத்திலும் இவை அனைத்தும் உள்ளன. நிலவும் உறக்கமின்மையும்கூடப் பொதுவானவை.

வேறுபாடு, பாட்டு வாழும் முறையில் உள்ளது. இசைத்தட்டுப் பாட்டு ஒரு குறிப்பிட்ட குரலோடும் பதிவோடும் கட்டுண்டது. அதற்கு உரிமையாளரும் உண்டு. 'என் இனிய பொன் நிலாவே' 2025இல் வெளியான அகத்தியா படத்துக்காக மீண்டும் உருவாக்கப்பட்டபோது, அதற்கு அனுமதி தரும் உரிமை யாருடையது என்ற வழக்கு தில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. 45 ஆண்டுகள் கழித்தும் அப்பாட்டுக்கு மதிப்பு குறையவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. பதிகத்துக்கு மூலப்பதிவு இல்லை. முதலில் பாடிய குரல் எப்படி இருந்தது என்று அறிய வழியில்லை. ஆசிரியர் தம் பெயரை முத்திரையாகப் பொறித்தார், ஆனால் பயனைப் பாடுவோருக்கு எழுதி வைத்தார். ஓதுகிற ஒவ்வொருவரும் அந்தத் தாயின் குரலைத் தம் குரலாக ஏற்க முடிந்தது.

நீடித்ததன் காரணங்கள்

இப்பதிகம் நிலைத்ததற்கு வெளிக்காரணங்கள் தெளிவானவை. தொகுப்பு, விழா, உரை, கோயில் ஆகிய நான்கும் அதைத் தாங்கின. ஆனால் இந்த நான்கும் நாலாயிரம் பாசுரங்களுக்கும் பொதுவாக உரியவை. இப்பாட்டு தனித்து மனத்தில் நிற்பதற்குப் பாட்டுக்குள்ளேயே காரணம் உண்டு.

காதலிப்பவளின் குரலில் அமைந்த பாட்டு, காதலிக்கும் வயதில் உள்ளவரை முதலில் தொடுகிறது. இப்பாட்டோ காதலிப்பவளைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் குரலில் அமைந்தது. இளமையில் படிப்பவர் மகளோடு நிற்பார். வயது ஏறியபின் அதே பாட்டில் தாயோடு நிற்பார். ஒரு வாழ்நாளில் இருமுறை பொருள் தரக்கூடிய காதல் பாட்டு இது.

இரண்டாவது காரணம், தாய் மகளைத் தடுப்பதில்லை என்பது. குடிக்குத் தக்கதை மகள் எண்ணவில்லை என்று அவள் வருந்துகிறாள். ஆனால் மகளை அடக்கவோ, காதலை மறக்கச் சொல்லவோ முயலவில்லை. மகளின் காதலை உண்மையென்று ஏற்றுக்கொண்டு, பொறுப்பை மறுபக்கத்தில் உள்ளவனிடம் வைக்கிறாள். பெண்ணின் காதல் குடும்ப மானத்தோடு இணைத்துப் பேசப்படும் ஒரு சமூகத்தில், தாய் மகளின் பக்கம் நிற்கும் இக்குரல் இன்றும் கவனத்துக்கு உரியது.

மூன்றாவது, விடையின்மை. விடை கிடைத்த கேள்வியை ஒருமுறை கேட்டால் போதும். கிடைக்காத கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்பது பாசுரங்களில் ஒன்பது முறை கேட்ட கேள்வியை, ஒவ்வொரு மார்கழியிலும் ஓதுவோர் மீண்டும் கேட்கின்றனர்.

கடல்மல்லைத் துறைமுகத்தின் கப்பல்கள் இன்று இல்லை. ஆழ்வார் பாடிய பல்லவர் பெருமை கல்லில் எஞ்சியிருக்கிறது. மாமல்லபுரத்தின் அக்கற்கோயில்களும் சிற்பங்களும் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு வடக்கே சிறிது தொலைவில், கிழக்குக் கடற்கரைச் சாலையின் வாகன இரைச்சலுக்கும் அலையோசைக்கும் நடுவில், திருவிடந்தைக் கோயிலின் திருச்சுற்றில் மாலை அணிந்தவர்கள் வலம் வந்துகொண்டிருக்கின்றனர்.